முழங்கை நிலம்

எங்கள் ஊர் ஓடை மேற்கிலிருந்து வந்து, மடக்கிய முழங்கை மாதிரி ஓரிடத்தில் வளைந்து, பிறகு கிழக்கே பெரிய ஏரிக்குப் போகும். கீழப்பழுவூர் தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கி, வயல் வழியாக நடந்தால் அந்த வளைவு வரும். அதற்குள் எங்களுக்கு முக்கால் ஏக்கர் நிலம் இருந்தது. ஓடைக்குள் எப்படி நிலம் என்று கேட்பீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். தாலுகா ஆபீஸில் சொல்லியிருக்கிறேன், கலெக்டர் ஆபீஸ் வாசலில் சொல்லியிருக்கிறேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். முழுதாக யாரும் கேட்டதில்லை.

தொண்ணூற்றைந்தில் பெய்த கார்த்திகை மழையில் மேற்கு வயல்கள் எல்லாம் முழுகிவிட்டன. ஓடை வளைந்து வளைந்து போவதால்தான் தண்ணீர் வடியமாட்டேன் என்கிறது என்று அந்த வயல்காரர்கள் மனுப் போட்டார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. பத்து நாள் தண்ணீருக்குள் கிடந்த கதிரை அறுக்கப் போனவர்கள் நாங்கள்தான். அந்த அழுகல் வாடை ஒரு வாரம் கையை விட்டுப் போகவில்லை. அடுத்த கோடையில் பொக்லைன் வந்தது. வளைவுகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு நேராக ஒரு வெட்டு வெட்டி, ஓடையை ஏரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதற்கு ஊரில் ‘புது வெட்டு’ என்று பேர். கரை செதுக்கும் கூலி வேலைக்கு எங்கள் தெருவே போனது.

வேலை முடிந்ததும் பழைய வளைவு சும்மா கிடந்தது. சேறும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிய பள்ளம். கரையில் ஒரு மருத மரம். பெரிய நிலக்காரர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் ஒரு சாயங்காலம் முழுக்க அந்த மரத்தடியில் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

“புள்ள, அத தூத்துனா நமக்கு ஒரு கழனி.”

எங்கள் பக்கத்தில் யாருக்கும் நிலம் இருந்ததில்லை. அவருடைய அப்பாவுக்கு இல்லை, என்னுடைய அப்பாவுக்கும் இல்லை. அடுத்தவர் வயலில் நட்டே என் கால் இரண்டும் சேற்றுப்புண் கண்டிருந்தது. அதனால் அவர் சொன்னபோது நான் ஒன்றும் யோசிக்கவில்லை. இரண்டு கோடைக்காலம் தூர்த்தோம். பகலில் அவர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிக்கு லோடு ஏற்றப் போவார். திரும்பி வரும்போது குவாரியில் வேண்டாமென்று கொட்டிய மஞ்சள் மண்ணை, தெரிந்த டிரைவர் யாரையாவது கெஞ்சி அடித்துக்கொண்டு வருவார். அதன் மேல் போட ஏரி வண்டலை நான் கூடையில் சுமந்தேன். எத்தனை கூடை என்று எண்ணவில்லை. இரண்டாம் கோடை முடியும்போது என் கழுத்து வலது பக்கம் திரும்புவதை நிறுத்திவிட்டது. இன்றுவரை திரும்பவில்லை. வலது பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்பிப் பார்ப்பேன். கர்வம் பிடித்தவள் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

தொண்ணூற்றெட்டில் முதல் குறுவை நட்டோம். ஆடி பிறந்ததும் பயிர் கரும்பச்சையாக நின்றது. ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்ப்பேன். பதினெட்டாம் பெருக்கு வந்தது. அன்றைக்குத்தான் முதல் சண்டை.

எங்கள் ஊரில் ஆடிப் பதினெட்டுக்கு முளைப்பாரியை அந்த வளைவில்தான் கரைப்பார்கள். மருத மரத்தடிதான் துறை. புது வெட்டு வந்த பிறகு ஒரு வருஷம் அங்கே போய்ப் பார்த்தார்கள். சுவர் மாதிரி நின்ற கரையில் இறங்கத் தெரியாமல் ஒருத்தி சறுக்கி விழுந்து முளைப்பாரி சிதறிவிட்டது. அபசகுனம் என்று அதோடு அங்கே போவதை விட்டுவிட்டார்கள். மறுபடியும் மரத்தடிக்கே வந்தார்கள். மரம் இருந்தது, ஓடைதான் இல்லை, எங்கள் நெல் இருந்தது. அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வரிசையாக வரப்பில் ஏறி, பயிருக்குள் இறங்கி, மரத்துக்கு நேரே தேங்கிய வயல் தண்ணீரில் முளைப்பாரியைக் கரைத்து, காப்பரிசியை இறைத்து, ஒருத்திக்கு ஒருத்தி மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போனார்கள். போன வழியெல்லாம் பயிர் சாய்ந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் வாய்க்கு வந்தபடி பேசினார்.

“கழனின்னு தெரியல? கண்ணு எங்க போச்சு?”

“தெரியுதுண்ணே. பதினெட்டுன்னா இங்கதான வரணும்? நாங்க எங்க போவோம்?” என்றாள் அடுத்த வீட்டுக்காரி. அவள் முகத்தில் குற்ற உணர்ச்சி ஒரு துளி இல்லை. எனக்கும் கோபம்தான். ஆனால் என் கழுத்திலும் அன்றைக்குக் கட்டிய மஞ்சள் கயிறு இருந்தது. வரிசையில் நானும்தானே வந்தேன்?

இரண்டு மூன்று வருஷம் கத்திப் பார்த்துவிட்டு அவரே ஒரு வழி செய்தார். மரத்துக்கு நேரே கட்டில் அகலத்துக்கு நடாமல் விட்டார். பதினெட்டு அன்றைக்கு அதில் தண்ணீர் கட்டி வைப்பார். வரப்பிலேயே வந்து வரப்பிலேயே போகலாம், பயிரும் தப்பும். அதோடு சண்டை ஓய்ந்தது.

அந்த நிலத்துக்குப் பட்டா கிடையாது. ஓடைப் புறம்போக்கில் பயிர் வைத்திருக்கிறீர்கள் என்று வருஷா வருஷம் ஒரு மெமோ மட்டும் வரும். நான் பத்தாவது வரை படித்தவள். அங்கன்வாடியில் உதவியாளர் வேலைக்குப் போன பிறகு, பட்டா கேட்டு மனு எழுதும் வேலையும் என்னுடையதானது. முதலில் பெரம்பலூருக்குக் கொண்டுபோனேன். நடுவில் அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள், உங்கள் ஃபைல் அங்கே போய்விட்டது என்றார்கள். அரியலூரில் இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை என்றார்கள். கட்டுப் பிரிப்பதற்குள் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். ஃபைல் எந்த ஊருக்குக் கிளம்பியதோ, எந்த ஊரில் இறங்கியதோ. நான் மட்டும் பஸ் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தேன். கடைசியில் எல்லா ஊர் டீயும் ஒரே மாதிரி கசந்தது.

இதற்கிடையில் லாரியில் கல் ஏற்றும்போது அவருக்கு இடுப்பு விழுந்தது. ஆறு மாதம் படுக்கை. எழுந்தார், நடந்தார், ஆனால் பாரம் தூக்க ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவருக்கு இருந்தது அந்த முக்கால் ஏக்கர்தான். மடை திறப்பார், மடை கட்டுவார், களை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குனிந்து எதையோ பிடுங்குவார். அதுவும் இல்லாவிட்டால் அவர் பகல் முழுக்க என்ன செய்வார் என்று எனக்குப் பயமாக இருக்கும். சோற்றைவிட அந்தப் பயம்தான் பெரிது.

புது வெட்டும் நினைத்த மாதிரி இல்லை. மழை பெய்த மறுநாளே தண்ணீர் எல்லாம் ஓடிவிடும். கிணறுகள் இறங்கின. வெட்டு தானாகவே ஆழம் போய்க்கொண்டே இருந்தது. கரை சரிந்து மேற்கு வயல்காரர்களின் வரப்பையே தின்றது. வந்த மண்ணெல்லாம் ஏரியில் போய் மேடு தட்டியது. குளிர்காலத்தில் எங்கிருந்தோ வருகிற பறவைகள் அந்த ஏரியில் இறங்கும். அவை குறைந்துபோய்விட்டன என்று பைனாகுலர் மாட்டிய ஆட்கள் வந்து பார்த்தார்கள். நேராக்கச் சொல்லி மனுப் போட்ட அதே வீட்டுக்காரர்கள், பழையபடி வளைத்துவிடச் சொல்லி மனுப் போட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாயிரத்து ஆறு ஆடியில் ஓவர்சியர் ஒருவர் வந்தார். ரிட்டயர் ஆக ஒரு வருஷம்கூட இல்லாத மனுஷன், வெயிலுக்குத் தலையில் கர்ச்சீப் கட்டியிருந்தார். ஓடை பழைய வழியில் வளைந்து மெதுவாகப் போகவேண்டும், வழியில் தண்ணீர் தங்கவேண்டும், அப்போதுதான் நிலமும் ஏரியும் பறவையும் பிழைக்கும் என்றார். பழைய வழி எது? அவர் கொண்டுவந்த வரைபடம் சரியாக அந்த இடத்தில் மடிப்பு விழுந்து கிழிந்திருந்தது. அளவுக் கற்களைத் தேடினார். ஒன்றும் இல்லை. எங்கள் எல்லையில் இருந்த கல்லை எப்போதோ வீட்டுக்குக் கொண்டுவந்து, அதில்தான் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

“ஊர்க்காரங்க நீங்கதான் சொல்லணும். ஓடை எங்க ஓடுச்சோ அங்கதான் வெட்டுவோம்” என்றார்.

அன்று சாயங்காலம் தெருவே எங்கள் வாசலில் கூடியது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டுக்காரிதான் ஆரம்பித்தாள்.

“ஓடை கோரப்பள்ளத்து வழியாத்தான் ஓடுச்சுன்னு சொல்லிடுவோம். அங்க யாரு வெள்ளாம இருக்கு? தண்ணி போனா போவட்டும்.”

கோரைப்பள்ளம் எங்கள் நிலத்துக்குத் தெற்கே உள்ள தரிசு. எல்லோரும் சரி என்றார்கள். மேற்கு வயல்காரர்களிடம் ஒருவர் போய்ப் பேசிவிட்டு வந்தார். அவர்கள் நிலத்துக்கு ஒன்றும் வராது என்றதும் அவர்களும் சரி என்றார்கள். எழுதத் தெரிந்தவள் நான் என்பதால் நானே எழுதினேன். ‘ஓடை கோரைப்பள்ளம் வழியாகவே ஓடியது என்பதை நாங்கள் அறிவோம்.’ முத்து முத்தான என் கையெழுத்தில் அந்தப் பொய் பார்க்க அழகாக இருந்தது. தெருவே ஒன்றாக எங்களுக்காக நின்றதில் எனக்கு அன்றைக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த ஒரு ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் ஓவர்சியர் ஆட்களோடு வந்து, கோரைப்பள்ளத்தின் பக்கம் சுண்ணாம்புக் கோடு போட்டார். ஊரிலிருந்து எங்கள் வயலுக்குப் போகும் வண்டிப்பாதைக்கு வலது புறத்தில் அந்தக் கோடு நீளமாகப் போனது. நடுவில் மருத மரத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

“தண்ணி இல்லாத எடத்துல மருத மரம் எப்படிய்யா வந்துச்சு?”

“குருவி போட்ட வித சார்” என்றார் என் வீட்டுக்காரர்.

ஓவர்சியர் தலையை ஆட்டிக்கொண்டார். நான் எழுதிய காகிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இதில் எல்லோருடைய கையெழுத்தும் கைநாட்டும் வேண்டும், நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன், எல்லோரும் ஊரில் இருப்பீர்களா என்று கேட்டார்.

“இருப்போம் சார். நாளைக்குப் பதினெட்டு. ஒருத்தரும் வேலைக்குப் போவ மாட்டோம்” என்றார் என் வீட்டுக்காரர்.

இதை அவர் சொன்னபோது பக்கத்தில் பத்துப் பேர் இருந்தோம். ஒருவருக்காவது பொறி தட்டவேண்டாமா? சுண்ணாம்புக் கோடும் எங்களுக்குத் தெரியும், பதினெட்டும் தெரியும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து யோசிக்க ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை. வருஷா வருஷம் கால் தானாகப் போகிற இடத்தைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்? என் வீட்டுக்காரரே அன்று பொழுது சாய மரத்தடித் துண்டில் தண்ணீர் கட்டிவிட்டு வந்தார்.

முதல் முளைப்பாரி வீடு வீடாக முறை மாறி வரும். அந்த வருஷம் எங்கள் வீட்டு முறை. இருட்டறையில் ஒன்பது நாள் தண்ணீர் தெளித்து வளர்த்தேன். மஞ்சள் பூத்து வெளிறிய முளை ஒரு முழம் நின்றது. தலையில் ஏற்றிவிட்டால் தண்ணீரில்தான் இறக்கவேண்டும். வழியில் நிற்கக் கூடாது, பேசக் கூடாது. முன்னால் போகிறவளின் குதிகாலைப் பார்த்துக்கொண்டு மற்றவர்கள் வருவார்கள். எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும் சேர்ந்து நாற்பது ஐம்பது பெண்கள், குலவை போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தார்கள்.

வண்டிப்பாதையில் வந்தேன். சுண்ணாம்புக் கோடு வலது பக்கம் கிடந்தது. என் கழுத்து அந்தப் பக்கம் திரும்பாது. தலையில் முளைப்பாரியோடு உடம்பைத் திருப்பவும் முடியாது. பார்த்திருந்தால் ஞாபகம் வந்திருக்கும், ஐம்பது பேரையும் கோரைப்பள்ளத்துக்குத் திருப்பியிருப்பேன் என்று பிறகு எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். நான் நேராகப் பார்த்தேன். நேரே மருத மரம் இருந்தது. போனேன்.

வரப்பில் ஏறிய பிறகுதான் ஓவர்சியரைக் கண்டேன். மரத்தடியில் என் வீட்டுக்காரரோடு நின்றுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் கையில் மைப்பெட்டி. இவர் என்னைப் பார்த்தார், வேகமாக ஒரு கையைத் தூக்கினார், பிறகு மெதுவாக இறக்கிவிட்டார். எனக்கு அந்தக் கணத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. பின்னால் ஐம்பது பேர். நிற்க முடியாது. நடந்தேன். மரத்துக்கு நேரே, எங்கள் நெல்லுக்கு நடுவே, கட்டில் அகலத் தண்ணீரில் முளைப்பாரியை இறக்கினேன். குலவை ஒவ்வொரு குரலாக நின்றது.

ஓவர்சியர் யாரையும் அதட்டவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டார். அந்த வைகாசியில்தான் மீன்சுருட்டியிலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண். ஓடை எந்தப் பக்கம் ஓடியது என்றே அறியாதவள், ஓடைக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் அழைத்து வந்திருந்தார்கள். கூடிப் பேசிய அன்று தாய்வீட்டில் இருந்தாள், அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

“ஏம்மா, வயல்ல வந்து ஏன் விடுறீங்க?”

“ஓடையிலதான சார் விடணும்?” என்றாள் அவள், எங்கள் நெல்லைக் காட்டி. மரியாதைக்காகத் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

ஓவர்சியர் சட்டைப்பையிலிருந்து நான் எழுதிய காகிதத்தை எடுத்தார். நாலாக மடித்து என்னிடம் நீட்டினார்.

“இத நீங்களே வெச்சுக்குங்கம்மா. நான் வேணும்னா கண்ண மூடிக்கலாம். அடுத்த வருசம் இன்னொரு ஆள் வந்து இதே எடத்துல நிப்பான். நீங்களும் இங்கதான் வருவீங்க.”

பிறகு என் வீட்டுக்காரரிடம், “கதிர அறுத்துக்குங்க. அதுக்கப்புறந்தான் மிசின் வரும்” என்றார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். செய்தார்.

வீட்டுக்கு வந்து நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார்கள். அடுத்த வீட்டுக்காரி உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லோரும் போன பிறகு அவரிடம் கேட்டேன்.

“ஒரு சத்தம் போட்டிருந்தா நின்னுருப்பேன்ல?”

“தலையில முளப்பாரியோட வர்றவள எப்படிப் புள்ள நிறுத்துறது?” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

புரட்டாசியில் அறுத்து முடித்தோம். மறு வாரம் பொக்லைன் வந்தது. இரண்டு கோடைக்காலம் நாங்கள் போட்ட மண்ணை இரண்டு பகலில் எடுத்துவிட்டது. நான் அங்கன்வாடிக்கு லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். மேலே கறுப்பு, அது நான் சுமந்தது. அடியில் மஞ்சள், அது அவர் கொண்டுவந்தது. அதற்கும் அடியில் வெள்ளை மணல் வந்தது, ஓடையின் மணல், நேற்றுப் போட்டது மாதிரி ஈரமாக இருந்தது. மாற்று நிலம் தருவதாகச் சொன்னார்கள். மறுபடியும் மனு எழுதினேன். அடுத்த வருஷம் மாவட்டத்தை மறுபடியும் பிரிக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது, முடிந்த பிறகு வாருங்கள் என்றார்கள். அதோடு நான் போவதை நிறுத்திவிட்டேன். என்னால் முடியவில்லை.

அந்த ஐப்பசியிலேயே தண்ணீர் வந்தது. மேற்கு வயல் முழுகவில்லை, கிணறுகளில் ஊறியது. தை மாதம் அந்த வளைவில் நீண்ட கால் பறவைகள் வந்து இறங்கின. நல்லதுதான். நல்லதில்லை என்று நான் சொல்லவில்லை. பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் எவ்வளவு அழகு என்றார்கள். அவர் மட்டும் காலையில் எழுந்து பழக்கத்தில் மண்வெட்டியை எடுப்பார், பிறகு சுவரில் சாய்த்து வைப்பார். நான் பயந்தது இதைத்தான்.

இரண்டாயிரத்து ஏழு பதினெட்டாம் பெருக்குக்கு வளைவில் ஆற்றுக் கால்வாயில் திறந்துவிட்ட தண்ணீர் நிறைந்து நின்றது. நான் வரிசையின் கடைசியில் போனேன். அவரும் வந்தார், அவராகவே, கரையில் மருத மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். எல்லோரும் கரைத்துவிட்டு ஏறிய பிறகு நான் இறங்கினேன். என் கால் பழைய வரப்பைத் தேடியது. அங்கே மணல்தான் இருந்தது. முளைப்பாரியை விட்டேன். வளைவில் தண்ணீர் மெதுவாகப் போகவேண்டும் என்றுதானே இத்தனையும் செய்தார்கள். என் முளைப்பாரி போகவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி என் காலடிக்கே வந்தது. தள்ளிவிட்டேன். மறுபடியும் வந்தது. மூன்றாம் தடவை கோபத்தோடு ஓங்கித் தள்ளினேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கரையிலிருந்து அவர் குரல் கேட்டது.

“விடு புள்ள. எங்க போயிடப் போவுது? நம்ம கழனியிலதான கெடக்கு.”